ஐம்பதில் ஒன்பது

கிஷன்லால் முதலில் எடுத்துக் காட்டுவது
எப்போதும் விலை குறைந்ததைத்தான்.
ஐம்பது வட்டு ஒரே குச்சியில்,
அனுமாருக்குக் கோத்த வடை போல.
"எல்லாம் ஒண்ணுதாங்க. வெறும் சீடி."
அந்த வெறுமையில்தான் வித்தியாசம் என்று
கடைக்கூட்டத்தில் எப்படிச் சொல்வது?

செவ்வாய்ப்பேட்டை வெயில் சொல்லும்.
மூட்டை வண்டிக்கு வழிவிட்டு ஓரமாய் நின்று
ஒன்றை மட்டும் உருவி
விளிம்பில் பிடித்து மேலே தூக்குகிறேன்.
ஊசிமுனை அளவில் ஒரு வெளிச்சம்.
பக்கத்திலேயே இன்னொன்று.
ஓரத்தில் சாயம் திட்டுத் திட்டாய்,
அவசரத்தில் நீலம் போட்ட வேட்டி.

போன மாதம் இதைத்தான் நம்பினேன்.

ஏற்காட்டில்
காப்பிக்கொட்டை மூட்டை அடுக்கும் கொட்டகை.
பிலோமினாள் டீச்சரும் பதினேழு பேரும்.
நான்காவது பாட்டு பாதியில்
தகரத்தின் மேல் மழை பிடித்துக்கொண்டது.
நிறுத்தலாமா என்று கை காட்டினேன்.
டீச்சர் கண்ணை மூடியிருந்தார்.
மழையோடுதான் இருக்கிறது அந்தப் பாட்டு.

நகலெடுக்கும் அம்பத்தூர் கம்பெனி
மூல வட்டைத் திருப்பி அனுப்பியது,
நாலு வரித் தாளோடு:
பிழை மிகுதி. நான்காம் பாட்டு.

"மழையைச் சொல்றாங்களா?" என்றார் டீச்சர் போனில்.
"இல்லீங்க. மழை சரியாத்தான் இருக்கு."
அதற்கு மேல் நாக்கு எழவில்லை.
வட்டுக்கு இருபது ரூபாய் மிச்சம் பிடித்தவன் நான்.

என் அறைக்குக் கீழே
கொலுசுக்கு வெள்ளி உருக்கும் அர்த்தநாரி
அந்தத் தாளை வாங்கிப் படித்தார்.
இதிலும் வெள்ளி உண்டு என்றேன்.
கெட்டுப்போன வேறொன்றைக் கொடுத்தேன்.
நகத்தால் சுரண்டினார்.
விரலில் வந்ததை ஊதினார், இல்லை.
"மூச்சுக்கே தாங்கலியே,
இதுலயா பாட்டு நிக்குது?
டச்சு எவ்வளவு வருது?"
நொடிக்கு இத்தனை பிழை என்று கணக்கு உண்டு,
இருபதுக்குள் வந்தால் நான் தூங்குவேன் என்றேன்.
தலையாட்டிவிட்டு
உலை பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வேற இருக்கா?"
கிஷன்லால் குனிந்து
கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்தார்
தினத்தாள் சுற்றிய ஒரு டப்பா.
ஜப்பான் சரக்கு, ஐம்பதில் ஒன்பதுதான் மீதி.
"யாரும் கேக்கறதில்ல. முப்பத்தெட்டு ரூவா."
மறுபடி வெயிலுக்கு வந்தேன்.
வெளிறிய பச்சை, விளிம்பு வரை ஒரே நிறம்.
சூரியன் எங்கும் ஒழுகவில்லை.
பேரம் பேச மறந்துவிட்டேன்.

பத்து மணிக்கு மேல்தான் பதிப்பேன்,
கரண்ட் அப்போதுதான் சொன்னபடி கேட்கும்.
நாலு மடங்கு வேகம், அதற்கு மேல் இல்லை.
ஐம்பத்திரண்டில் ஓடும் என்று டப்பா சொல்லும்,
ஓடட்டும், என் கையில் இல்லை.
பத்தரை நிமிடம்
நாற்காலியை அசைக்காமல் இருந்தேன்.
தெருவில் ஒரு லாரி
வேண்டுமென்றே போல் மெதுவாகப் போனது.

சோதனைக் கோடு தரையோடு தரையாய் வந்தது.
ஒன்பது. பதினொன்று. எட்டு.
நான்காம் பாட்டில், மழையிலும், ஏழு.
தாள் ஒட்டவில்லை.
நடுவில் கண்ணாடி போன்ற வளையத்தில் மட்டும்
மெல்லிய பேனாவால் டீச்சர் பெயர்.
கம்பெனிக்கு ஒன்று, அலமாரிக்கு ஒன்று.

திருப்பி வந்த பழசை
டீச்சர் கேட்டு வாங்கிக்கொண்டார்.
அவர் தம்பி சேசுராஜின் ஜீப்புக்குப் பின்னால்
கம்பியில் கட்டித் தொங்குகிறது இப்போது.
பதினாறாம் வளைவில், பனியில்,
என் வண்டி விளக்கைச் சிவப்பும் பச்சையுமாய்த்
திருப்பிக் காட்டியது.
நன்றாகத்தான் வேலை செய்கிறது.

ஏழு வட்டு மீதி.
வெயிலில் காட்டித் தேர்ந்ததை
இனி வெயில் பார்க்கக் கூடாது.
கறுப்புத் துணி சுற்றி
பீரோவின் அடித்தட்டில் வைத்திருக்கிறேன்.
யார் பாடுவார்கள் என்று தெரியாது.
கிஷன்லாலிடம் சொல்லிவைத்தேன்.
"பாக்கலாம்" என்றார்,
வேறு யாருக்கோ வடைமாலையை நீட்டிக்கொண்டே.